கரண்டியை வாயில் வைக்காதவன்

என் தம்பி சமையல்காரன். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கேன்டீனில் ஒன்பது வருஷமாக வேலை செய்கிறான். அவன் கையால் சாப்பிட்டு யாருக்கும் ஒரு நாளும் வயிறு வலித்தது கிடையாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஆஸ்பத்திரி அலுவலகத்தில் ஒரு கோப்பில் அவனைப் பற்றி வேறு மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளின் அடியில் அவனே கையெழுத்தும் போட்டிருக்கிறான். அந்தக் கையெழுத்தை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

நான் எட்டாம் வகுப்பு வரை படித்தவள். பிழைக்க வந்த இந்த அந்நிய ஊரில் ஒரு சலவைக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து துணி திருத்துகிறேன். பேன்ட் உயரம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, கோட்டின் இடுப்பைப் பிடிப்பது. கால் அங்குலம் தப்பினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பேன். கீழே எழுதியிருப்பதெல்லாம் நானே பார்த்து, எண்ணி, அளந்தது.

நாங்கள் ஐந்து பேர் நான்காவது மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம். நான், பார்சல் வண்டி ஓட்டும் என் வீட்டுக்காரர், பத்தாம் வகுப்பு படிக்கும் எங்கள் பெண், தம்பி, முதியோர் இல்லத்தில் வேலை செய்யும் தம்பி மனைவி. இரண்டு குடும்பம், ஒரு சமையலறை. அடுப்பு கரண்ட்டில் ஓடுவது. நாலு தட்டில் ஒன்று நாங்கள் குடிவந்த நாளிலிருந்தே சூடாவதில்லை. மற்ற மூன்றையும் ஆள்பவன் தம்பிதான். காலை ஐந்தரைக்கு வேலைக்குப் போய் மூன்று மணிக்குத் திரும்புவான். குளித்து, அரை மணி படுத்து, நாலரைக்கு வெங்காயம் உரிக்க ஆரம்பிப்பான். ஏழு மணிக்குள் நாங்கள் ஒவ்வொருவராக வந்து சேரும்போது சோறு, குழம்பு, ஒரு பொரியல், ரசம் நாலும் மேசையில் இருக்கும். தயிருக்கு முதல் நாளே உறை ஊற்றி, ஹீட்டருக்குப் பக்கத்தில் துண்டு சுற்றி வைத்திருப்பான். புளி வாங்க இரண்டு பஸ் மாற வேண்டும். அதற்கும் அவன்தான் போவான். என் பையில் வரும் புளி கொட்டையும் நாருமாக இருக்கிறதாம்.

"ரெண்டு பொம்பளைங்க வீட்ல இருக்கீங்க, ஆம்பிளயா சமைக்கிறான்?" என்று சொந்தக்காரர்கள் போனில் கேட்பார்கள். "நாங்க சமைச்சா யார் சாப்பிடுறது?" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவேன்.

அவனுக்கு ருசி பார்க்கக் கற்றுக்கொடுத்தவள் நான். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஆறு. அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள், அடுப்பு என் பொறுப்பு. எனக்கு உப்பு பிடிபடாது. அவனுக்கு அப்போதே பிடிபட்டது. அதனால் அவனைக் கூப்பிட்டு நிற்கவைத்து, கரண்டியிலிருந்து உள்ளங்கையில் ஒரு சொட்டு விடுவேன். அவன் நக்கிப் பார்த்துச் சொல்வான். சொன்னதும் கை கழுவ வேண்டும். கரண்டி வாயில் படக்கூடாது, எச்சில் பட்டது எதுவும் பாத்திரத்துக்குத் திரும்பிப் போகக்கூடாது. இது எங்கள் வீட்டுச் சட்டம் மட்டுமல்ல. எந்த வீட்டிலும் இப்படித்தான். முப்பத்தைந்து வருஷமாக அவன் அப்படித்தான் செய்கிறான். கரண்டியை இடது கைக்கு மாற்றுவான், வலது உள்ளங்கையைக் குழித்து ஒரு சொட்டு, ஒரு நக்கல், உடனே குழாய். என் பெண் சின்ன வயதில் அவனுக்கு 'சொட்டு மாமா' என்று பெயர் வைத்தாள். இன்றைக்கும் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

கேன்டீனில் அவனை எடுத்த எடுப்பில் அடுப்புக்கு விடவில்லை. முதல் இரண்டு வருஷம் பாத்திரம் கழுவினான். அடுத்த நாலு வருஷம் காய் நறுக்கினான். ஏழாவது வருஷம் அடுப்பு கிடைத்தது. நோயாளிகளுக்கென்று உப்புக் குறைத்து ஒரு சூப் வைப்பார்கள். உப்பில்லாமல் ருசியைக் கொண்டுவருவது எல்லோராலும் முடிகிற காரியமில்லை. அந்தப் பெரிய பானையை இவனிடம் கொடுத்தார்கள். கொடுத்த மாதத்திலிருந்து வார்டுகளிலிருந்து கிண்ணங்கள் காலியாகத் திரும்பி வந்தன. இதை அவன் சொல்லவில்லை. கிண்ணங்களைச் சேகரிக்கும் அம்மாள் என் கடைக்குப் பாவாடை திருத்த வந்தபோது சொன்னாள்.

போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை அவன் நாலரைக்கு வெங்காயத்தைத் தொடவில்லை. நான் வந்தபோது சமையலறை நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மேசையில் ஒரு தாள்.

"என்னை அடுப்புல இருந்து எடுத்துட்டாங்கக்கா. நாளையிலிருந்து பாத்திரம்."

கேன்டீனில் சாப்பிட வந்த யாரோ ஒருவர், சமையல்காரர் கையை நக்கிவிட்டுச் சமைக்கிறார் என்று எழுதிக்கொடுத்திருக்கிறார். சூப்பர்வைசர் இவனை அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருக்கிறார். மூன்று வாரம் கழித்து விசாரணை. அதில்தான் இவன் மறுபடி அடுப்புக்குப் போவதா, கடைசி வரை பாத்திரமா என்று தீர்மானிப்பார்களாம்.

என் பெண் தாளை வாங்கி வரி வரியாகப் படித்துச் சொன்னாள். கையை வாய்க்குக் கொண்டுபோனதாகவும், நக்கியதாகவும், அதே கையோடு வேலை செய்ததாகவும் இருந்தது. கீழே என் தம்பியின் அழகான கையெழுத்து.

"கழுவினதா எங்கயாவது இருக்கா?"

"இல்லம்மா."

"ஏன்டா இல்ல?"

"அவங்க கேக்கலக்கா."

"கேக்கலன்னா?"

"கையை வாய்க்குக் கொண்டுபோனியான்னு கேட்டாங்க. ஆமான்னேன். கழுவினியான்னு கேக்கல. கழுவாம யாராவது இருப்பாங்களா? அதையும் ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லணுமா?"

எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த சாவிக்கொத்தை மேசையில் அடித்தேன். "போய் உன் கையெழுத்தைத் திருப்பி வாங்கிட்டு வா" என்றேன். முட்டாள்தனமான பேச்சு என்று தெரிந்துதான் சொன்னேன். தம்பி மனைவி எழுந்துபோய் அரிசியைக் களைந்தாள். களைந்த வேகத்தில் பாதி அரிசி தொட்டியில் போனது.

மறுநாளிலிருந்து அவன் வீட்டிலும் ருசி பார்ப்பதை நிறுத்திவிட்டான். சமைத்தான், நேரத்துக்குச் சமைத்தான். ஆனால் கை வாய்க்குப் போகவே இல்லை. திங்கட்கிழமை ரசத்தில் உப்பே இல்லை. புதன்கிழமை குழம்பில் இரண்டு நாளுக்கான உப்பு. வீட்டுக்காரர் முதல் வாரம் பொறுத்தார். இரண்டாவது வாரம் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "மாப்ளே, நான் ஏதாவது தப்பு பண்ணியிருந்தா நேரா சொல்லிடு. குழம்பு வழியா சொல்லாத."

பெண் சிரித்தாள். தம்பி சிரிக்கவில்லை. "ஊறுகா இருக்கு அத்தான்" என்றான்.

சாப்பாடு கெட்டதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். வீட்டுக்குள் நுழைந்ததும் அவன் கைகளைப் பேன்ட் பைக்குள் மறைத்துக்கொண்டதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பெரிய பாத்திரங்களைத் தேய்க்கப் போடும் காட்டமான சோப்புப் பொடியில் விரல் இடுக்கெல்லாம் வெடித்திருந்தது. ரப்பர் கையுறை அவன் அளவுக்குக் கிடையாதாம், சின்னதுதான் இருக்கிறதாம். ஒன்பது வருஷத்துக்கு முன்பும் இதே பதிலைத்தான் சொன்னார்கள்.

விசாரணைக்கு ஒரு வாரம் இருக்கும்போது மூன்று நாள் அரை நாள் விடுப்பு எடுத்தேன். மத்தியானம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரை அந்தக் கேன்டீனில் வெளியாட்களும் சாப்பிடலாம். என் தையல் பையில் டேப், பென்சில், நோட்டுப் புத்தகம் மூன்றும் எப்போதும் இருக்கும். புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் போய் உட்கார்ந்தேன். ஒரே மேசையில் அல்ல, ஒவ்வொரு மேசையிலும் பத்து நிமிஷம்.

மொத்தம் இருபத்திரண்டு மேசை. பரிமாறும் சாளரத்தின் வழியாக அடுப்பு தெரிவது ஒன்பது மேசைக்கு. கிண்ணத்தைத் திருப்பி வைக்கும் இடத்துக்குப் போய் நின்று பார்த்தால், அடுப்பிலிருந்து இரண்டே எட்டு தள்ளிக் கைகழுவும் குழாய் இருக்கிறது, முழங்கையால் திறக்கிற குழாய். அடுப்புக்கும் குழாய்க்கும் நடுவில் ஆள் உயர ஸ்டீல் ஃப்ரிட்ஜ். அந்த ஒன்பது மேசையில் எதில் உட்கார்ந்தாலும் அடுப்பு தெரியும், குழாய் தெரியாது. கை வாய்க்குப் போவது தெரியும், கழுவுவது தெரியாது. எழுதிக்கொடுத்தவர் பொய் சொல்லவில்லை. பாதியைப் பார்த்துவிட்டு முழுசாக எழுதியிருக்கிறார். அந்தப் பாதியை நம்பிய சூப்பர்வைசருக்கு எழுந்துபோய்ப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்கும்.

இன்னொன்றும் பார்த்தேன். தம்பியின் அடுப்பில் வேறு ஆள் போடும்வரை சூப்பர்வைசரே நின்று சமைத்துக்கொண்டிருந்தார். அவர் ஒரு பெரிய ஸ்பூனைப் பானையில் விட்டு, எடுத்து, ஊதி, வாயில் வைத்து உறிஞ்சினார். அதே ஸ்பூனை அதே பானையில் மறுபடி விட்டுக் கலக்கினார். புதன்கிழமை நாலு தடவை, வியாழக்கிழமை மூன்று, வெள்ளிக்கிழமை நாலு. பதினொன்று. தேதி, நேரம், மேசை எண் எல்லாம் போட்டு எழுதிக்கொண்டேன். வரிசையில் நின்றவர்கள் நூறு பேராவது பார்த்திருப்பார்கள். யாருக்கும் அது கண்ணை உறுத்தவில்லை. ஸ்பூன் என்றால் சுத்தம், கை என்றால் அழுக்கு. இந்தக் கணக்கை யார் போட்டுக்கொடுத்தது என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாளும் சூப் வாங்கினேன், உட்காருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே. ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை. ஆறிப்போன கிண்ணத்தை அப்படியே திருப்பி வைத்தேன். உள்ளே அதைக் கொட்டிக் கழுவியது என் தம்பி.

வெள்ளிக்கிழமை அவன் தலையைத் திருப்பியபோது என்னைப் பார்த்துவிட்டான். சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்ததும் கேட்டான்.

"நீ எதுக்கு அங்க வந்தே?"

நோட்டைக் காட்டினேன். குழாய்ப் பக்கத்தைப் படிக்கும்போது தலையை ஆட்டினான். ஸ்பூன் பக்கம் வந்ததும் மூடிவிட்டான்.

"இதை மட்டும் சொல்லாதக்கா."

"ஏன்?"

"என் விஷயம் தீர்ந்தா போதும். அடுத்தவன் வாயை நான் எதுக்குப் பாக்கணும்?"

"அவன் உன் கையைப் பாத்தானே."

"அக்கா."

நோட்டை வாங்கித் தையல் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

விசாரணைக்குத் துணைக்கு ஒருவர் போகலாம் என்று தாளிலேயே இருந்தது. இந்த ஊர்ப் பாஷை எனக்குக் கடைப் பேச்சு அளவுக்குத்தான் வரும். ஆனால் அளவு சொல்வதில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை. துணி வெட்டுவதற்கு முன் அளவு வரையும் காகிதத்தில், ஒரு அடிக்கு அரை அங்குலம் என்று வைத்து, அந்தச் சமையலறையை வரைந்து எடுத்துப் போனேன். உள்பக்கத்து அளவுகளைத் தம்பி சொன்னான். அடுப்பு, ஃப்ரிட்ஜ், குழாய், ஒன்பது மேசை, மேசையிலிருந்து கண் போகிற கோடு சிவப்புப் பென்சிலில்.

சின்ன அறை. மேசைக்கு அந்தப் பக்கம் அலுவலகத்திலிருந்து வந்த ஒரு அதிகாரி அம்மாள், பக்கத்தில் சூப்பர்வைசர். அதிகாரி அம்மாள் தாளைப் படித்துவிட்டு, இது உங்கள் கையெழுத்துதானே என்று தம்பியைக் கேட்டார். ஆமாம் என்றான். வேறு ஏதாவது சொல்ல விருப்பமா என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் காகிதத்தை விரித்தேன்.

அந்த அம்மாளைப் பற்றி ஒன்று நியாயமாகச் சொல்ல வேண்டும். அவர் எழுந்து வந்தார். பதின்மூன்றாம் எண் மேசையில் நான் காட்டிய நாற்காலியில் உட்கார்ந்தார். தம்பியை அடுப்பில் நிற்கச் சொல்லி, வழக்கமாகச் செய்வதைச் செய்யச் சொன்னார். அவன் கரண்டியை இடது கைக்கு மாற்றினான். வெடித்துப்போன வலது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டான். நக்கினான். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் போனான். அந்த அம்மாள் விறுவிறுவென்று உள்ளே போய்ப் பார்த்தபோது அவன் முழங்கையால் குழாயை மூடிக்கொண்டிருந்தான்.

திரும்பி வந்து தீர்ப்பைச் சொன்னார்கள். கை கழுவியது உறுதியானதால் திங்கட்கிழமை முதல் அடுப்புக்குப் போகலாம். ஆனால் விதிப்படி ருசி பார்ப்பது ஸ்பூனால்தான். ஒரு தடவைக்கு ஒரு புது ஸ்பூன். பழைய தாள் எச்சரிக்கையாக ஒரு வருஷம் கோப்பில் இருக்கும்.

"கை கழுவினாருன்னு ஒரு வரி அதுல சேக்க முடியுமா?" என்று அவர்கள் பாஷையில் தட்டுத் தடுமாறிக் கேட்டேன்.

கையெழுத்தான தாளில் எதையும் சேர்க்க முடியாதாம்.

அதோடு எழுந்திருக்க வேண்டும். தம்பி எழுந்தேவிட்டான். சூப்பர்வைசர் அவனிடம், இதிலிருந்து நாம் எல்லோரும் ஒன்று கற்றுக்கொண்டோம் என்று சொல்லிக் கையை நீட்டினார். நாம் எல்லோரும். மூன்று வாரம் சோப்புப் பொடியில் கை வெடித்தது ஒருத்தனுக்கு, கற்றுக்கொண்டது எல்லோரும். அந்த வார்த்தைதான் என்னைக் கிளப்பிவிட்டது. நோட்டைத் திறந்து பதினொன்றையும் படித்தேன், தேதி, நேரம், மேசை எண்ணோடு.

சூப்பர்வைசரின் காது சிவந்தது. தனக்கு ஞாபகம் இல்லை என்றார். அதிகாரி அம்மாள் பேனாவை மூடி வைத்தார். அது வேறு விஷயம், வேறு புகாராக, வேறு படிவத்தில் தர வேண்டும் என்றார். எங்கள் விஷயத்துக்கு ஒரு நக்கலும் ஒரு கையெழுத்தும் போதுமாக இருந்தது. சூப்பர்வைசர் விஷயத்துக்குப் படிவம் வேண்டும்.

பஸ்ஸில் ஐந்து நிறுத்தம் போனபிறகு தம்பி சொன்னான்.

"நீ சொல்லியிருக்க வேணாம்."

"பொய்யா சொன்னேன்?"

"பொய்யில்ல. திங்கக்கிழம காலைல ஆறு மணிக்கு அந்த ஆளு பக்கத்துல நிக்கப்போறது நான். நீ இல்ல."

அதைக் கேட்டு எனக்கு இன்னும் கோபம் வந்தது. வீடு வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

அவன் அடுப்புக்குப் போனான். அடுப்பு மேடையில் ஒரு டம்ளர் நிறையச் சின்ன ஸ்பூன்களை வைத்திருந்தார்களாம். ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஆகிறதாம். சூப்பர்வைசர் 'வா, போ' என்பதற்கு மேல் அவனிடம் பேசுவதில்லையாம். "நிம்மதியா இருக்கா?" என்று மனைவி கேட்டதற்கு, "அடுப்பு இருக்கு" என்றான்.

அந்த வாரம் முழுக்க எனக்குக் கடையில் வேலை அதிகம். நான் வருவதற்குள் சமையல் முடிந்திருந்தது. உப்பு சரியாக இருந்ததால் பழையபடி ஆகிவிட்டான் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேன். புளிக்குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. இழுப்பறையைத் திறந்து ஒரு சின்ன ஸ்பூன் எடுத்தான். குழம்பைத் தொட்டு வாயில் வைத்தான். தொட்டியில் போட்டான். பெருங்காயம் போட்டுக் கிளறினான். இன்னொரு ஸ்பூன் எடுத்தான். தொட்டியில் ஏற்கெனவே நாலு கிடந்தன.

"சொட்டு மாமா, இது வீடு" என்றாள் என் பெண், சிரித்துக்கொண்டே.

"எல்லாம் ஒண்ணுதான்" என்றான் அவன்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு சத்தம் வந்ததென்று தெரியவில்லை. "அந்த ஸ்பூனைக் கீழ வைடா."

அடுத்த அறையில் டிவி சத்தம் நின்றது. வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டார்.

"பழகிடுச்சுக்கா."

"ஆறு நாள்ல பழகிடுச்சா? முப்பத்தஞ்சு வருஷம் பழகினது எங்க போச்சு?"

"இங்க ஒரு மாதிரி அங்க ஒரு மாதிரி இருந்தா, அங்க மறந்து கை போயிடும். ஒரு தடவ போச்சுன்னா அவ்வளவுதான். தாள் கோப்புல இருக்கு. நீயும்தானே கேட்டே."

அவன் சொன்னது சரி. அதில் ஒரு நூல் பிசகில்லை. ஆனால் அடுப்போடு நிற்காமல் அந்தச் சூப்பர்வைசரும் அந்தத் தாளும் நாலு மாடி ஏறி, என் சமையலறைக்கு வந்து, நான் கற்றுக்கொடுத்த கையைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது?

அவன் கையிலிருந்த கரண்டியைப் பிடுங்கினேன்.

"கையை நீட்டு."

"அக்கா, விடு."

"அங்க ஸ்பூன்ல பாரு. நூறு ஸ்பூன் வேணும்னாலும் வச்சுப் பாரு. இங்க நீட்டு."

தம்பி மனைவி வாசல்படியில் நின்றுகொண்டிருந்தாள். "நீட்டுங்களேன்" என்றாள் மெதுவாக. "அண்ணி கேக்குறாங்கல்ல."

அவன் வலது கையை நீட்டி உள்ளங்கையைக் குழித்தான். வெடிப்பெல்லாம் இன்னும் ஆறவில்லை. ஒரு சொட்டு விட்டேன். புளியும் காரமும் வெடிப்பில் இறங்கியிருக்கும், முகம் சுருங்கியது. கையை இழுத்துக்கொள்ளவில்லை. நக்கினான். கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றான்.

"எப்படி இருக்கு?"

"அரைக் கல்லு உப்பு கம்மி."

நான் திரும்பி உப்பு டப்பாவைத் திறந்தேன். கை கழுவு என்று சொல்ல வாயைத் திறப்பதற்குள் பின்னால் குழாய் திறந்துவிட்டது.